லண்டன் நாறிய கதை

கழிவறையில் தண்ணீர் ஊற்றியதோடு வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு லண்டன் மாநகரம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தயாரிப்பாளர் ஒரு புதுவிதக் கழிவறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் விசேஷமே வளைந்த குழாய்தான். 'எஸ்' எழுத்து மாதிரி இருக்கும் அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கழிவு கீழே போகும், ஆனால் கீழேயிருந்து கெட்ட வாயு வீட்டுக்குள் ஏறி வராது. இன்றைக்கு வாஷ்பேசினுக்கு அடியில் குனிந்து பார்த்தாலும் இதே தத்துவம்தான். (ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் பாத்ரூம் நாறுவது பெரும்பாலும் அந்தத் தண்ணீர் வற்றிப் போவதால்தான்!)

வீடு சுத்தமாகிவிட்டது. ஊர்? அன்றைய லண்டனில் கழிவெல்லாம் வீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ இருந்த குழிகளில் சேரும். இரவில் ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போய் உரத்துக்கு விற்பார்கள். புதுக் கழிவறைகள் பெருகியதும் குழிகள் நிரம்பி வழிந்தன. 1840-களின் கடைசியில், குழிகளை மூடிவிட்டு வீட்டுக் குழாய்களைத் தெருச் சாக்கடையோடு இணைக்கச் சொன்னார்கள் அதிகாரிகள். அந்தச் சாக்கடைகளோ மழைநீருக்காகக் கட்டியவை. நேராகத் தேம்ஸ் நதியில் போய் விழுந்தன. பல குடிநீர்க் கம்பெனிகள் தண்ணீர் எடுத்ததும் அதே நதியில்! 1848-49 காலராவில் லண்டனில் மட்டும் சுமார் 14,000 பேர் செத்தார்கள். 1853-54-ல் இன்னும் 10,000 பேர்.

காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று டாக்டர் ஜான் ஸ்னோ 1849-லேயே எழுதினார். 1854-ல் பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றவும் வைத்தார். நோய் தணிந்ததும் அதைத் திரும்ப மாட்டிவிட்டார்கள்! நாற்றம்தான் நோயைக் கொண்டுவருகிறது என்பது அன்றைய பெரிய மனிதர்களின் நம்பிக்கை.

1858 கோடையில் வெயில் கொளுத்தியது. தேம்ஸ் நாறியது. பாராளுமன்றம் இருப்பதோ நதிக்கரையில். ஜன்னல் திரைகளை பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உட்கார முடியவில்லை. வருடக்கணக்காக இழுத்தடித்த விஷயம் 18 நாளில் சட்டமானது. 30 லட்சம் பவுண்டு கடன் வாங்கி, வீட்டு வரி போட்டு அடைக்க அனுமதி. ஏழைகள் செத்தபோது கிடைக்காத பணம், எம்.பி.க்களின் மூக்கில் ஏறியதும் கிடைத்துவிட்டது.

பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் நதிக்கு இணையாக சுமார் 132 கிலோமீட்டர் பெரிய சாக்கடைகள் கட்டினார். பழைய சாக்கடைகள் நதியில் விழுமுன் இவை வாங்கிக்கொள்ளும். சரிவிலேயே ஓடும், பள்ளமான இடத்தில் மட்டும் நீராவிப் பம்பு. பலவற்றின் வடிவம் முட்டை மாதிரி, கூரான பக்கம் கீழே. தண்ணீர் குறைந்தாலும் வேகம் குறையாது, அழுக்கு படியாது. ஆனால் சுத்திகரிப்பு கிடையாது. ஊருக்குக் கிழக்கே கொண்டுபோய் அதே நதியில் கொட்டினார்கள். அங்கே இருந்தவர்கள் பாவம்!

1866-ல் மறுபடி காலரா. லண்டனில் 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் கிழக்கு லண்டன்காரர்கள். புதுச் சாக்கடை இன்னும் முடியாமல் இருந்தது அங்கேதான். தண்ணீர்தான் காரணம் என்று அதிகாரிகளே ஒத்துக்கொள்ள ஆரம்பித்தது அதன் பிறகு.

அதைக் கேட்க ஸ்னோ இல்லை. தேம்ஸ் நாறிய அதே 1858 ஜூன் மாதம், 45 வயதில் அவர் இறந்துவிட்டிருந்தார்.