சடை யானைகள்

புதுக்கோட்டைச் சீமையில் காட்டு யானை கிடையாது. செம்மண், முந்திரிக்காடு, கண்மாய், நடுவில் நார்த்தாமலை போலப் பாறைக் குன்றுகள். யானை பார்க்க வேண்டுமென்றால் கோயில் திருவிழாவுக்குத்தான் போக வேண்டும். அந்தச் சனங்களுக்கு உடம்பெல்லாம் சடை தொங்கும், எப்போதோ அழிந்துபோன மாமத (மாமூத்) யானைகளைக் காட்டியது ‘காடு’ என்ற படம்.

என் அப்பா டூரிங் கொட்டகையில் ஆபரேட்டர். கீரனூர், அன்னவாசல் பக்கம் டெண்ட் அடித்த காலம் அது. புரொஜக்டர் ஒன்றுதான். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீல் மாட்ட வேண்டும். கார்பன் குச்சி கரையக் கரைய நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மற்றப் படங்களுக்கு அந்த இடைவேளையில் முறுக்கும் சோடாவும் விற்கும். ‘காடு’ ஓடியபோது ஒருத்தரும் எழுந்திருக்கவில்லையாம். மணலைக் குவித்து உட்கார்ந்தபடி, அது நிசமான யானையா, செய்ததா என்று சண்டை போட்டார்களாம்.

நிசமான யானைதான், மேலே ரோமம் போர்த்தியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியோடு சேர்ந்து எடுத்து, 1952-இல் வெளிவந்த படம். ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சரோடு நம் எம்.என்.நம்பியாரும் உண்டு. விலங்குகள் ஏன் வெறிகொண்டு ஊருக்குள் பாய்கின்றன என்று தேடிக் காட்டுக்குள் போகிறார்கள் ஓர் இளவரசியும் வேட்டைக்காரரும். மாமத யானைகளைக் கண்டேன் என்று வேட்டைக்காரர் சொல்வதை யாரும் நம்புவதில்லை.

அழிந்த மிருகம் காட்டுக்குள் உயிரோடு இருக்கிறது என்ற இந்தக் கற்பனைக்கு முன்னோடி, ஆர்தர் கானன் டாயில் 1912-இல் எழுதிய ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ நாவல். 1925-இல் அது ஊமைப்படமானபோது வில்லிஸ் ஓ’பிரையன் பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்து டைனோசரை நடக்கவைத்தார். பெரிய சாதனைதான். ஆனால் உயிருள்ள யானையின் கனமும் நடையும் பொம்மைக்கு வராது.

எங்கள் ஊரில் மாடர்ன் தியேட்டர்ஸ் மேல் தனிப் பாசம் உண்டு. புதுக்கோட்டைப் பிள்ளை பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தம புத்திரன்’ (1940) அவர்கள் படம். அது பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் கதையைத் தழுவியது.

தமிழில் அறிவியல் புனைவுப் படங்களைப் பற்றி எழுதுபவர்கள் 1963-இல் வந்த ‘கலை அரசி’யிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். வெள்ளைக்காரர் இயக்கியதால் ‘காடு’ நம் படமல்ல என்று விடுவதை நான் ஏற்க மாட்டேன். அதற்கு இசையமைத்தவர்கள் நம் ஜி.ராமநாதனும் தட்சிணாமூர்த்தியும்தான். அதே மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’யையும்தான் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கினார். அதை அமெரிக்கப் படம் என்று யாரும் தள்ளிவைக்கவில்லையே.