பால்மரக் காட்டிலிருந்து மலைப்பாதைக்கு: ஒரு ரப்பர் சப்பாத்தின் கதை



பள்ளிக் குறுக்கோட்டப் போட்டிக்கான கடிதம் வீடுகளுக்குச் சென்றுவிட்டால், புறப்பாடப் பொறுப்பாசிரியை என்ற முறையில் என்னிடம் பெற்றோர் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. “டீச்சர், சேத்துல ஓடறதுக்கு எந்தச் சப்பாத்து வாங்கறது?” என்பதே அது. பேரங்காடிக் கடைகளில் மலைப்பாதை ஓட்டத்திற்கென்றே செய்யப்பட்ட சப்பாத்துகள் நானூறு, ஐந்நூறு வெள்ளிக்கு விற்கப்படுகின்றன. அவை தரமற்றவை அல்ல. எனினும், இந்த மண்ணின் சேற்றில் எது வழுக்கும், எது நிற்கும் என்பதை நம் முன்னோர் தம் கால்களாலேயே நெடுங்காலம் முன்பு கற்றறிந்தனர். அந்த வரலாற்றை அறிந்தபின் கடைக்குச் செல்வது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சேற்றின் பெயர் தாங்கிய ஊர்

கோலாலம்பூர் என்னும் பெயருக்குச் சேறு மிகுந்த ஆற்றுக் கூடல் என்பதே பரவலாகக் கொள்ளப்படும் பொருள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கும் இடத்தில் பிறந்த ஊர் இது. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து இவ்வூரின் மரக் குடில்களை அழித்தன. அதன்பின் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டடங்கள் எழ வேண்டும் என்று ஆங்கிலேய நிருவாகம் வலியுறுத்தியது. அதற்கான களிமண்ணைத் தோண்டிச் சூளையிட்ட இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். நாம் தீபாவளிக்குத் துணி வாங்கச் செல்லும் அந்த வட்டாரத்தின் பெயருக்குள்ளேயே களிமண் ஒட்டிக் கொண்டிருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடுபவரின் காலடியில் இரு வேறு நிலங்கள் உள்ளன. தாழ்வான பகுதிகளில் காலைப் பற்றி இழுக்கும் களிச்சேறு. குன்றுகளிலோ மழை அரித்த செம்மண். அதன்மேல் புடைத்து நிற்கும் வேர்களும் சரளைக் கற்களும். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பொழியும் நாட்டில் இவை முழுமையாக உலரும் நாள்கள் குறைவு. இந்நிலத்தில் நாள்தோறும் விடியுமுன் நடந்தவர்கள் யார்? விளையாட்டு வீரர்கள் அல்லர். பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மாரும் பாட்டிமாருமே.

வெறுங்கால்களின் காலம்

1877-ஆம் ஆண்டு 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற என்றி ரிட்லி, மரம் சாகாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான், காப்பார், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் வழியாக ஆள் சேர்க்கப்பட்டது. 1907-இல் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டபின் வருகை மேலும் பெருகியது.

பால்மரம் வெட்டுவோரின் நாள் இருட்டில் பிறக்கும். பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, விளக்கொளியில் நிரைக்கு நிரை நடப்பர். விடியற்காலையின் குளிர்ச்சியில்தான் பால் நன்கு சுரக்கும் என்பதால் வெயில் ஏறுமுன் முந்நூறு முதல் ஐந்நூறு மரங்களைச் சீவி முடித்தாக வேண்டும். பின்னர் மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் இருபுறமும் தொங்கவிட்டுச் சரிவுகளில் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில் கால் வழுக்கினால் என்னவாகும் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பால் மண்ணோடு போகும். அன்றைய உழைப்பும் அதனோடு போகும். இன்றைய ஓட்டக்காரருக்கு வழுக்கல் என்பது சிராய்ப்பு. அன்றைய தோட்டத் தொழிலாளிக்கு அது கூலி.

தொடக்கத் தலைமுறையினரில் மிகப் பலர் இவ்வேலையை வெறுங்காலோடு செய்தனர். முள்ளும் அட்டையும் கண்ணுக்குத் தெரிந்த பகைகள். கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்றும் இருந்தது. அதுதான் கொக்கிப்புழு. ஈரமண்ணில் வாழும் அதன் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் புகும். இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, அங்கிருந்து குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சும். இரத்தசோகையால் மெலிந்தவரைச் சோம்பேறி என்று ஏசிய தோட்ட நிருவாகங்களும் உண்டு. ராக்பெல்லர் அறக்கட்டளை சார்பில் 1915 முதல் 1917 வரை சாமுவேல் டார்லிங் தலைமையிலான மருத்துவக் குழு மலாயா உள்ளிட்ட நாடுகளில் இந்நோயை ஆராய்ந்தது. முறையான கழிவறை, மருந்து, காலுக்குக் காப்பு ஆகிய மூன்றும் சேரும்போதுதான் இந்நோய் அடங்கும்.

உலகுக்குச் சென்ற பால், காலுக்கு வந்த கதை

இங்கே ஒரு முரண் நெஞ்சை உறுத்துகிறது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரை வலுப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். அதன்பின் உலகின் வண்டிச் சக்கரங்களுக்கும் காலணி அடிகளுக்கும் ரப்பர் தேவைப்பட்டது. அதன் பெரும்பங்கை மலாயா கொடுத்தது. ஆனால் அந்தப் பாலை எடுத்தவரின் காலில் ரப்பர் இல்லை.

1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் ஆறு மலையேறிகள் உயிரிழந்தனர். பொருத்தமற்ற காலணிகளும் அதற்கு ஒரு காரணம் என்று கருதிய வித்தாலே பிராமணி என்னும் மலையேறி, ஆழமான பற்களைக் கொண்ட ரப்பர் அடியை உருவாக்கி 1937-இல் அறிமுகப்படுத்தினார். இன்று நாம் காணும் மலைக் காலணிகள் பலவற்றிற்கும் அதுவே முன்னோடி. அதே 1930களில் பாட்டா நிறுவனம் கிள்ளானில் காலணித் தொழிற்சாலை அமைத்தது. கித்தான் துணியும் ரப்பர் அடியும் கொண்ட மலிவான சப்பாத்துகள் நாடெங்கும் பரவின.

தோட்டப்புறத்திற்கு மிகப் பொருத்தமாக அமைந்ததோ வேறொரு சப்பாத்து. முழுவதும் ரப்பர், அச்சில் வார்த்த ஒரே உருவம், பெரும்பாலும் கறுப்பு நிறம், அடியில் காற்பந்துக் காலணிபோல் தடித்த குமிழ்கள். என் பெற்றோரின் தலைமுறை அதை ‘ரப்பர் சப்பாத்து’ என்றே அழைத்தது. லயத்து வீட்டு வாசலில் அது கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். நீரூற்றிக் கழுவினால் போதும். தைத்த இடம் இல்லாததால் பிய்வதில்லை. துணி இல்லாததால் நீரை உறிஞ்சிக் கனப்பதில்லை. குமிழ்கள் சேற்றில் புதைந்து பிடித்துக் கொள்ளும். அவற்றிடையே இடைவெளி இருப்பதால் அடுத்த அடியிலேயே சேறு உதிர்ந்துவிடும்.

அதே நிரைகளில் ஓட வந்தவர்கள்

1938-ஆம் ஆண்டு மலாயா தமிழர் வரலாற்றில் ஒரு திருப்பம். உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவித் திட்டத்தில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு அவ்வாண்டு தடை செய்தது. அதே ஆண்டின் இறுதியில் கோலாலம்பூரில் வேறொரு தொடக்கமும் நிகழ்ந்தது. ஏ. எஸ். கிஸ்பர்ட் என்பவரும் அவருடைய ஆங்கிலேய நண்பர்களும் ஓட்டக் குழு ஒன்றை அமைத்தனர். அவர்களில் சிலர் உணவுண்ட சிலாங்கூர் மன்றத்து இணைப்புக் கட்டடத்திற்கு ‘ஹேஷ் ஹவுஸ்’ என்று கேலிப் பெயர் இருந்தது. அதிலிருந்து ‘ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்’ என்னும் பெயர் பிறந்தது. ஒருவர் முன்னே சென்று காகிதத் துண்டுகளைத் தூவி வழியமைப்பார். மற்றவர் அதைத் தேடிக்கொண்டு ஓடுவர். அவர்கள் ஓடிய வழிகளில் ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் போரில் உயிரிழந்தார். குழுவோ போருக்குப்பின் மீண்டும் எழுந்தது. இன்று இவ்வகைக் குழுக்கள் உலகெங்கும் பரவியுள்ளன.

காலையில் கூலிக்காக நடந்த நிரையில் மாலையில் ஒருவர் பொழுதுபோக்குக்காக ஓடினார். சேறு இருவருக்கும் ஒன்றே. காலப்போக்கில் மலேசியாவின் காட்டு ஓட்டக்காரர்களும் மலை வழிகாட்டிகளும் தோட்டத் தொழிலாளியின் ரப்பர் சப்பாத்தை விரும்பி அணியத் தொடங்கினர். அதற்கு ‘அடிடாஸ் கம்போங்’ என்று செல்லப் பெயரும் இட்டனர். ஜெர்மானிய நிறுவனத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கம்பத்துக்காரனின் அடிடாஸ் இதுதான் என்னும் நகைச்சுவையே அப்பெயர். இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் இச்சப்பாத்தை அணிந்து உலு லங்காட்டின் 1,493 மீட்டர் உயர நுவாங் மலையில் ஏறுவோரை இன்றும் காணலாம்.

கோலாலம்பூரின் புக்கிட் கியாராவுக்குச் சென்றால் இவ்வரலாறு கண்முன் நிற்கும். அது முன்பு ரப்பர்த் தோட்டம். 1980களில் நிலம் அரசின் கைக்கு மாறியது. தொழிலாளர் வாழ்வும் இடம்பெயர்ந்தது. இன்று அங்கே மிதிவண்டியோட்டிகளும் ஓட்டக்காரர்களும் செல்லும் பாதைகளின் ஓரத்தில் பழைய பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன.

“மறுபடியும் அந்தச் சப்பாத்தா?”

சில ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ரப்பர் சப்பாத்தைப் பரிந்துரைத்தேன். தந்தை ஒருவர் எழுந்து, “அதெல்லாம் வேணாம் டீச்சர். தோட்டத்த விட்டு வந்துட்டோம். எம்புள்ள காலுல மறுபடியும் அந்தச் சப்பாத்தா?” என்றார். அவையில் பலர் தலையசைத்தனர்.

அவர் சொல்லில் நியாயம் இருக்கிறது. தோட்டத்தின் அடையாளங்களைப் பிள்ளைகளிடமிருந்து அகற்றுவதற்காகவே ஒரு தலைமுறை தன்னைத் தேய்த்துக் கொண்டது. ஆயினும், அவரிடம் அன்று கூறியதையே இங்கும் கூறுகிறேன். நம்மவர் தாழ்த்தப்பட்டதன் அடையாளம் சப்பாத்து அன்று, வெறுங்கால்தான். புழுவிலிருந்தும் முள்ளிலிருந்தும் வழுக்கலிலிருந்தும் காலைக் காத்துக்கொள்ள உழைப்பாளி தன் கைக்காசில் வாங்கிய கருவி அது. அதைக் கண்டு நாணுவதற்கு ஏதுமில்லை. விலையுயர்ந்ததை வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை, சப்பாத்தின் பொருட்டுப் போட்டியிலிருந்து விலகி நிற்பதே வருந்தத்தக்கது.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

வரலாறு கற்பிப்பதை நடைமுறைக்குக் கொண்டு வருவோம்.

1. முதலில் ஓடும் தடத்தைப் பாருங்கள். திடலும் தார்ச்சாலையும் மிகுந்த தடத்திற்கு வழக்கமான ஓட்டச் சப்பாத்தே ஏற்றது. ரப்பர் சப்பாத்தில் மெத்தை இல்லை. கெட்டித் தரையில் நெடுந்தூரம் ஓடினால் குதிகாலும் முழங்காலும் நோகும். அது சேற்றுக்கும் செம்மண் சரிவுக்கும் உரியது.

2. அடிப்பற்களைப் பாருங்கள். ஓரளவு உலர்ந்த பாதைக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம் போதும். ஆழ்ந்த சேற்றுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். பற்கள் நெருங்கியிருந்தால் சேறு அடைத்துக்கொண்டு அடி வழவழப்பாகிவிடும். பள்ளிக்கு அணியும் கித்தான் சப்பாத்தின் தட்டையான அடி சேற்றுக்கு உதவாது.

3. ஈரப் பாறையிலும் மரவேரிலும் நிலைமை மாறும். அங்கே பற்களின் ஆழத்தைவிட ரப்பரின் மென்மையே பிடிப்பைத் தரும். கடினமான குமிழ்கள் ஆங்கே வழுக்கக்கூடும். ஆதலால் அடியைச் சுருக்கி நடக்கக் கற்றுக் கொடுங்கள்.

4. நீர்புகாச் சவ்வு கொண்ட விலையுயர்ந்த சப்பாத்து நம் நாட்டில் பெரும்பாலும் வீண். ஓடையில் கால் வைத்தால் மேல்வழியே புகுந்த நீர் வெளியேறாது. நீர் விரைந்து வடியும் வலைத்துணியே நல்லது.

5. மாலையில், காலுறையோடு அணிந்து பாருங்கள். நாள் முழுதும் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும். முன்புறம் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையேல் இறக்கத்தில் நகம் நசுங்கும். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று இரண்டளவு பெரிதாக வாங்காதீர்கள். சேறு அதைக் காலிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

6. ரப்பர் சப்பாத்தானால் முழங்கால் வரையிலான தடித்த காற்பந்துக் காலுறை கட்டாயம். உராய்வும் கொப்புளமும் குறையும்; அட்டையும் எளிதில் ஏறாது. ஓடியபின் கழுவி நிழலில் உலர்த்துங்கள்; கடும் வெயில் ரப்பரை வெடிக்கச் செய்யும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்காம் ஆண்டு முதல் நம் மாணவர்கள் வரலாறு பயில்கின்றனர். “பால்மரம் வெட்டப் போகையில் காலில் என்ன போட்டிருந்தீர்கள்?” என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். சிலர் சப்பாத்து என்பர். சிலர் ஒன்றுமில்லை என்பர். இரு விடைகளையும் மாணவர்கள் வகுப்பில் எழுதி வாசிக்கட்டும். தோட்டத்தில் உழைத்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவற்றைக் கேட்டு வைத்துக்கொள்வது நம் கடமை.