பூதான இயக்கம்

நிலவுடைமையாளர்கள் தாமாக முன்வந்து நிலமற்ற ஏழைகளுக்கு நிலம் வழங்கும்படி ஆச்சாரிய வினோபா பாவே (1895–1982) 1951-இல் தொடங்கிய இயக்கம். தனிமனிதர் கொடையாகத் தோன்றிய இது, ஊரார் பொதுவுடைமையான கிராமதானமாக வளர்ந்தது.

தோற்றம்

தெலங்கானாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் நடந்துவந்த காலத்தில் வினோபா அங்கே நடைப்பயணம் மேற்கொண்டார். 1951 ஏப்ரல் 18 அன்று நல்கொண்டா மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்றார். நன்செய் 40 ஏக்கரும் புன்செய் 40 ஏக்கரும் கிடைத்தால் 40 குடும்பங்கள் பிழைத்துக்கொள்ளும் என்று அவர்கள் கூறினர். வினோபா அந்தக் கோரிக்கையைக் கூடியிருந்த ஊராரிடமே வைத்தார். வெதிரே ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருவதாக அறிவித்தார். வன்முறையின்றி நிலம் கைமாற முடியும் என்பதை அந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது. அவ்வூர் இன்று பூதான் போச்சம்பள்ளி என வழங்குகிறது.

அதன்பின் வினோபா 13 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தார். ஐந்து பிள்ளைகள் உள்ளவர், தம்மை ஆறாவது பிள்ளையாகக் கருதி ஆறில் ஒரு பங்கு தர வேண்டும் எனக் கேட்டார். நாடு முழுவதும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக எழுதித் தரப்பட்டது. பாறை நிலமும் வழக்கில் சிக்கிய நிலமும் அதில் கலந்திருந்ததால், பகிர்ந்தளிக்கப்பட்டது அதில் ஒரு பகுதியே.

கிராமதானம்

1952-இல் உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் முதல் கிராமதான ஊரானது. 1965-இல் வகுக்கப்பட்ட எளிய முறைப்படி, நிலம் உடையோரில் முக்கால்வாசிப் பேர் உரிமையைக் கிராம சபைக்கு மாற்றுவர். நிலத்தில் இருபதில் ஒரு பங்கு நிலமற்றோருக்கும், விளைச்சலில் நாற்பதில் ஒரு பங்கு ஊர் நிதிக்கும் சேரும். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே சபையில் அமர்ந்து முடிவெடுப்பதே இம்முறையின் உயிர்நாடி.

தமிழ்நாட்டில்

1958-இல் தமிழ்நாட்டில் பூதானச் சட்டம் இயற்றப்பட்டது. ச. ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர் இயக்கத்தின் தூண்களாக விளங்கினர். 1968-இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின், தஞ்சை வட்டாரமே அவர்களின் பணிக்களமாயிற்று. 1981-இல் அவர்கள் தொடங்கிய லாப்டி என்ற அமைப்பு, தானத்துக்குக் காத்திராமல் வங்கிக் கடன் பெற்று மிராசுதாரர்களிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பதிவு செய்தது.

இன்றைய நிலை

இயக்கம் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. எனினும் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகா, 2013-இல் கிராமதானத்தை ஏற்றது.