கால் பென்னி ரொட்டியின் வரலாறு



கடையில் பிஸ்கட் பொட்டலம் ஒன்று வாங்குகிறோம். போன மாதம் கொடுத்த அதே விலைதான். உறையும் அதே நிறம்தான். வீட்டுக்கு வந்து பிரித்துப் பிள்ளைகளுக்குப் பங்கிடும்போதுதான் இரண்டு மூன்று குறைகின்றன. விலையை ஏற்றினால் வாங்குபவர் முகம் சுளிப்பார். எடையைக் குறைத்தால் பலர் கவனிக்கவே மாட்டார்கள். இது இக்கால வணிகர்கள் கண்டுபிடித்த தந்திரம் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால், விலையை அப்படியே நிறுத்திவிட்டுப் பண்டத்தை மட்டும் சிறிதாக்கும் வழக்கம் எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது. அதுவும் மறைவாக அன்று. நாட்டின் சட்டமாகவே இருந்தது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1266 ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் சட்டம் ஒன்று உண்டு. ரொட்டிக்கும் பீருக்கும் அளவு வகுத்த சட்டம் அது. அக்காலத்தில் இங்கிலாந்து ஏழைகளின் உணவு ரொட்டிதான். நமக்குச் சோறு எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அவர்கள் கையில் புழங்கியதோ பென்னி என்ற வெள்ளி நாணயம். சில்லறை வேண்டுமானால் பென்னியை இரண்டாகவோ நான்காகவோ வெட்டிக்கொள்வார்கள். கால் பென்னிக்கென்று தனி வட்ட நாணயம் பரவலாக வந்தது 1279 இல்தான். அதற்கும் கீழே நாணயம் கிடையாது. கோதுமை விலை கொஞ்சம் ஏறினால் ரொட்டி விலையையும் கொஞ்சம் ஏற்ற வழியில்லை. ஆகவே சட்டம் வேறு வழியைக் கண்டது. கால் பென்னி ரொட்டி என்றைக்கும் கால் பென்னிக்கே விற்கப்பட வேண்டும்; கோதுமை விலைக்கு ஏற்ப ரொட்டியின் எடை கூடலாம், குறையலாம்.

எவ்வளவு குறையலாம் என்பதையும் சட்டம் பட்டியல் போட்டே சொன்னது. குவார்ட்டர் என்பது அவர்கள் தானியம் அளந்த பெரிய அளவை. ஒரு குவார்ட்டர் கோதுமை 12 பென்னிக்கு விற்றால் கால் பென்னி ரொட்டியின் எடை இவ்வளவு என்று வகுத்தார்கள். கோதுமை 18 பென்னியானால் அந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு. 24 பென்னியானால் சரிபாதி. கணக்கு இவ்வளவுதான்.

ரொட்டிக்காரருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஒரு குவார்ட்டருக்கு அவருக்கு 4 பென்னி லாபம். தவிடும் இரண்டு ரொட்டியும் அவருக்கே. உப்புக்கு அரைப் பென்னி. மெழுகுவர்த்திக்குக் கால் பென்னி. மூன்று வேலையாட்களுக்குச் சேர்த்து ஒன்றரைப் பென்னி. விறகுக்கு மட்டும் இரண்டு பென்னி! விறகுக்குக் கொடுத்த மதிப்பை மூன்று பேர் உழைப்புக்குக் கொடுக்கவில்லை என்பதைத் தோட்டத்து மக்களாகிய நாம் கவனிக்காமல் போக முடியாது. ஆனாலும், கணக்கு ஒளிவு மறைவின்றி இருந்தது. ரொட்டி ஏன் சிறுத்தது என்று கேட்டால், கோதுமை விலை ஏறியது என்று பட்டியலைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தது.

பட்டியலுக்கும் கீழே எடையைக் குறைத்தவர்களுக்குத் தண்டனை கடுமையாக இருந்தது. இலண்டன் நகரில் முதல் தடவை பிடிபட்ட ரொட்டிக்காரரை, எடை குறைந்த அந்த ரொட்டியையே கழுத்தில் கட்டித் தெருத்தெருவாக இழுத்துச் சென்றார்கள். இரண்டாம் தடவை தொழுமரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். கழுத்தையும் கைகளையும் பலகைத் துளைகளில் மாட்டி ஊரார் நடுவே நிறுத்துவதே தொழுமரம். மூன்றாம் தடவை அவருடைய அடுப்பை இடித்துவிடுவார்கள். அதன் பின் அவர் அந்த நகரில் அத்தொழிலைச் செய்ய முடியாது. இந்தத் தண்டனைக்கு அஞ்சித்தான் ஒரு டஜன் கேட்டால் பதின்மூன்று கொடுக்கும் வழக்கம் வந்தது என்பார்கள்.

அப்படியும் திருட்டு நிற்கவில்லை. 1327 இல் இலண்டனில் ஜான் பிரிட் என்ற ரொட்டிக்காரர் மீது வழக்கு வந்தது. அந்நாளில் வீட்டில் அடுப்பு இல்லாதவர்கள் மாவைப் பிசைந்து ரொட்டிக்காரரிடம் எடுத்துச் சென்று சுட்டு வாங்குவார்கள். பிரிட்டின் மாவுப் பலகையில் ஒரு துளை இருந்தது. அதற்கு எலிப்பொறி போல ஒரு மூடியும் இருந்தது. மாவைப் பலகையில் வைத்ததும், மேசைக்கடியில் ஒளிந்திருந்த ஆள் துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாக மாவைக் கிள்ளி எடுத்துக்கொள்வான். மாவுக்குச் சொந்தக்காரரோ எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார்! வேறு பல ரொட்டிக்காரர்களும் இதே குற்றத்தில் அகப்பட்டார்கள். மேசைக்கடியில் மாவு கண்டெடுக்கப்பட்டவர்களைக் கழுத்தில் மாவைத் தொங்கவிட்டுத் தொழுமரத்தில் நிறுத்தினார்கள்.

கால் பென்னி ரொட்டியின் சட்டம் பல மாற்றங்களோடு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. இலண்டனில் 1815 இல் அது கைவிடப்பட்டது. மற்ற ஊர்களில் 1836 இல் முடிந்தது. அதன்பின் விலையை ரொட்டிக்காரர் தம் விருப்பப்படி வைக்கலாம். ஆனால், ரொட்டியை நிறுத்தே விற்க வேண்டும் என்று ஆயிற்று. வண்டியில் ரொட்டி கொண்டுபோய் விற்பவர்களும் தராசை உடன் கொண்டுபோக வேண்டும் என்றது 1836 ஆம் ஆண்டுச் சட்டம். வாங்குபவர் கேட்டால் கண்ணெதிரே நிறுத்துக் காட்ட வேண்டும். “அலங்கார ரொட்டி” வகைகளுக்கு மட்டும் நிறுக்கும் கட்டாயம் இல்லை என்று ஒரு விலக்கும் அதில் இருந்தது. எந்தச் சட்டத்திலும் ஒரு சந்து இருக்கத்தான் செய்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் பண்டங்கள் உறைக்குள் போயின. தராசு மறைந்தது. பழைய கால் பென்னிக் கணக்கு புது வேடத்தில் திரும்பியது. அமெரிக்காவில் ஹெர்ஷி சாக்லேட் துண்டு 1969 வரை ஐந்து காசுக்கே விற்கப்பட்டது. கொக்கோ விலை ஏறியபோது துண்டு சிறுத்தது. இறங்கியபோது சில வேளை பெருத்தது. 2016 இல் பிரிட்டனில் டோப்ளரோன் சாக்லேட்டின் முக்கோணங்களுக்கு இடையே இருந்த இடைவெளியை அகலமாக்கினார்கள். 400 கிராம் சாக்லேட் 360 கிராம் ஆனது. ஜான் பிரிட்டின் மேசைத் துளை நமக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. புதிய எடை உறையில் அச்சிடப்பட்டிருந்தது. ஆகவே இதைத் திருட்டு என்று சட்டம் சொல்வதில்லை.

நாம் நிறுவையை அறியாதவர்கள் அல்லர். ரப்பர்ப் பாலை நிறுத்துக் கூலி வாங்கிய குடும்பங்கள் நாம். தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்துப் பழகியவர்கள். காத்திக் கணக்கு போய் கிலோக் கணக்கு வந்ததையும் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு காத்தி என்பது ஏறத்தாழ 605 கிராம். காத்திக்குக் கொடுத்த பணத்தை அரைக் கிலோவுக்குக் கொடுத்தால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கையைவிட்டுப் போகும். வேலை செய்யும் இடத்தில் நாம் பார்க்கும் அந்த முள்ளைக் கடையிலும் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே அது உறையின் மூலையில் சிறிய எழுத்தாக இருக்கிறது.

பிரான்சு நாட்டில் 2024 ஜூலை முதல், எடை குறைக்கப்பட்ட பண்டத்தின் அருகே அதைச் சொல்லும் அறிவிப்பைப் பெரிய கடைகள் இரண்டு மாதம் வைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஏறக்குறைய அந்தப் பழைய பட்டியலைப் போலத்தான். நமது கடையில் அப்படி அறிவிப்பு இல்லாவிட்டால், நாமே கணக்குப் பார்க்கலாம். மூன்று வெள்ளிக்கு 400 கிராம் கிடைத்தபோது 100 கிராமுக்கு 75 காசு. அதே மூன்று வெள்ளிக்கு 340 கிராம் என்றால் 100 கிராமுக்கு 88 காசு. எடையில் குறைந்தது நூற்றுக்குப் பதினைந்துதான். ஆனால் விலை நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் ஏறிவிட்டது. இது எப்படி என்று ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். பென்சிலை எடுத்துப் போட்டுக் காட்டட்டும். வீட்டில் இருக்கும் ஒரு பழைய பிஸ்கட் டின்னையும் அவர்கள் கையில் கொடுங்கள். அதன் மேல் உள்ள எடையை இன்றைய பொட்டலத்தின் எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.