பொருள் தேடல் விளையாட்டு

பொருள் தேடல் விளையாட்டு என்பது, ஒரு பட்டியலில் குறிக்கப்பட்ட பொருட்களையோ, குறிப்புகளின் வழியாக மறைத்து வைக்கப்பட்ட ஒரு பொருளையோ குறித்த நேரத்திற்குள் தேடிக் கண்டறியும் குழு விளையாட்டு ஆகும். இது புதையல் வேட்டை எனவும் அழைக்கப்படுகிறது. பிறந்தநாள் விழாக்கள், கல்லூரி விழாக்கள், பள்ளி முகாம்கள், உறவினர் கூடும் விடுமுறை நாட்கள் ஆகியவற்றில் இது விளையாடப்படுகிறது. வீட்டில் உள்ள பொருட்களைக் கொண்டே நடத்தலாம் என்பதாலும், சிறுவரும் முதியவரும் ஒரே குழுவில் சேர்ந்து ஆடலாம் என்பதாலும் இது இல்ல விளையாட்டாகப் பரவியுள்ளது.

வகைகள்

இவ்விளையாட்டு பொதுவாக மூன்று வகைப்படும்.

1. பட்டியல் தேடல்: எல்லாக் குழுக்களுக்கும் ஒரே பட்டியல் தரப்படும். அதிலுள்ள பொருட்களை முதலில் கொண்டுவந்து சேர்க்கும் குழு வெற்றி பெறும். ஆங்கிலத்தில் ஸ்கேவஞ்சர் ஹண்ட் எனப்படுவது இதுவே.
2. தொடர் தேடல்: ஒரு குறிப்பு அடுத்த குறிப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும். கடைசிக் குறிப்பு பரிசு இருக்கும் இடத்தைச் சுட்டும். ட்ரெஷர் ஹண்ட் எனப்படுவது இது.
3. கண்டு குறித்தல்: எதையும் எடுக்காமல், தொடாமல், பட்டியலிலுள்ளவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல். கோயில், அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு இதுவே பொருந்தும்.

தமிழர் மரபில் தேடல் விளையாட்டுகள்

மறைத்தலும் தேடலும் தமிழ்நாட்டு நாட்டுப்புற விளையாட்டுகளில் நெடுங்காலமாக உள்ளவை. கண்ணாமூச்சியில் ஆட்கள் ஒளிகின்றனர். கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தில் நீளமாகக் குவித்த மணற்கரைக்குள் சிறு குச்சி ஒன்று விரல்களால் நகர்த்தி மறைக்கப்படும். எதிராளி தன் கைகளைக் கோத்து, குச்சி இருப்பதாகக் கருதும் இடத்தின் மேல் பொத்துவார். இடம் தவறினால் அவர் கையில் மணலை ஏந்த, கண்ணைப் பொத்தி வேறோர் இடத்திற்கு அழைத்துச் சென்று மணலைக் கொட்டச் செய்வர். திரும்பி வந்தபின் அவ்விடத்தை அவரே கண்டுபிடிக்க வேண்டும். திருமணங்களில் மணமக்கள் குடத்து நீருக்குள் மோதிரத்தைத் தேடி எடுக்கும் சடங்கும் தேடல் விளையாட்டின் ஒரு வடிவமாகும். தேவநேயப் பாவாணரின் தமிழ்நாட்டு விளையாட்டுகள் என்னும் நூல் நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்துத் தருகிறது.

தொடர் தேடலுக்கு உயிரான விடுகதையும் தமிழில் தொன்மையானது. தொல்காப்பியச் செய்யுளியல் விடுகதையைப் பிசி என்னும் பெயரால் தனி இலக்கிய வகையாகக் கொள்கிறது. உவமையால் மறைத்துக் கூறுவது, வெளிப்படத் தோன்றுவதைக் கொண்டு மறைந்ததை உணர்த்துவது என அது இரு வகைப்படும். இவ்விரு முறைகளும் இன்றும் குறிப்பு எழுதுவோருக்குப் பயன்படுவன.

பிற நாடுகளில்

1930களில் நியூயார்க் நகரச் செல்வர்களிடையே பட்டியல் தேடல் பரவியது. விருந்துகளை அமைப்பதில் பெயர்பெற்ற எல்சா மாக்ஸ்வெல் இதைப் பரப்பியவராகக் குறிப்பிடப்படுகிறார். 1936-இல் வெளியான மை மேன் காட்ஃபிரி என்னும் திரைப்படம் இத்தகைய விருந்து ஒன்றுடன் தொடங்குகிறது. அதில் வேலையிழந்து குப்பைமேட்டில் வாழும் மனிதர் ஒருவரே பட்டியலில் ஒரு பொருளாகச் சேர்க்கப்பட்டிருப்பார். மனிதரைப் பொருளாக்கும் பட்டியல் விளையாட்டாகாது என்பதற்கு அக்காட்சி இன்றும் எடுத்துக்காட்டாக உள்ளது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1987 முதல் மாணவர்கள் பெரிய அளவில் பட்டியல் தேடலை நடத்தி வருகின்றனர். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். குறிகையின் வேண்டுமென்றே குறைக்கப்பட்ட துல்லியத்தைச் சீராக்கியது. அடுத்த நாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து வைத்து அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் வெளியிட்டார். இதுவே ஜியோகேச்சிங் என்னும் உலகளாவிய தேடல் விளையாட்டின் தொடக்கமாகும். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது பிரிட்டன், நியூசிலாந்து முதலிய நாடுகளில் மக்கள் தம் சன்னல்களில் கரடிப் பொம்மைகளை வைத்தனர். நடைப்பயிற்சிக்கு வந்த சிறுவர்கள் தெருவிலிருந்தே அவற்றை எண்ணினர்.

திட்டமிடல்

தொடர் தேடலைப் பின்னிருந்து முன்னாகத் திட்டமிடுவது எளிது. முதலில் பரிசு இருக்கும் இடம் முடிவு செய்யப்படும். பின்னர் அதற்கு முந்தைய இடம், அதற்கு முந்தைய இடம் எனப் பட்டியல் எழுதப்படும். ஓர் இடத்தைச் சுட்டும் குறிப்பு அவ்விடத்தில் அன்றி, அதற்கு முந்தைய இடத்தில் வைக்கப்பட வேண்டும். புதிதாக நடத்துவோர் பெரும்பாலும் தவறுவது இங்குதான்.

ஒரு குறிப்புக்கு ஏறத்தாழ 5 நிமிடம் எனக் கொண்டால், எட்டு அல்லது ஒன்பது குறிப்புகள் முக்கால் மணி நேரத்திற்குப் போதுமானவை. விளையாட்டில் பங்கேற்காத ஒருவரைக் கொண்டு ஒருமுறை ஒத்திகை பார்ப்பது நல்லது. 5 நிமிடம் கடந்தும் விடை தெரியாத குழுவுக்கு ஒரு துணைக்குறிப்புத் தரலாம் என்ற விதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

பல குழுக்கள் ஆடும்போது ஒரு குழு மற்றொன்றைப் பின்தொடர்ந்து செல்வது இயல்பு. இதைத் தவிர்க்கச் சுழல் முறை உதவும். எடுத்துக்காட்டாக, 6 இடங்களும் 3 குழுக்களும் இருந்தால், முதற்குழு 1-ஆம் இடத்திலும், இரண்டாம் குழு 3-ஆம் இடத்திலும், மூன்றாம் குழு 5-ஆம் இடத்திலும் தொடங்கும். 6-ஆம் இடத்திற்குப் பின் 1-ஆம் இடம் வரும். ஒவ்வொரு குழுவுக்கும் தனி வண்ணத் தாள் தரப்படும். ஆறு இடங்களைச் சுட்டும் குறிப்புகள் ஆறும், பரிசு இடத்தைச் சுட்டும் குறிப்பு ஒன்றும் ஆக ஏழு குறிப்புகளை எழுதினால் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள் என மொத்தம் 21 தாள்கள் தேவை. அவற்றுள் மூன்று தொடக்கத்தில் கையில் கொடுக்கப்படும். எஞ்சிய 18 தாள்கள் இடத்திற்கு மூன்றாக வைக்கப்படும்.

இடங்களைத் தாண்டிச் செல்வதைத் தடுக்க, ஒவ்வோர் இடத்திலும் ஓர் எழுத்து வைக்கலாம். ஆறு எழுத்துகளையும் சேர்த்துச் சொல்லாக்கிய பின்பே பரிசு வழங்கப்படும். பட்டுப்புழு என்பது ஆறெழுத்துச் சொல் ஆகையால் இதற்குப் பொருந்தும்.

குறிப்புகள் எழுதுதல்

ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்குப் படக்குறிப்பும், அதற்கு மேற்பட்ட சிறுவருக்கு எளிய விடுகதையும், பத்து வயதைக் கடந்தோருக்குக் குறியீடும் ஏற்றவை. வீட்டுப் பொருட்களுக்கான விடுகதைகளுக்குச் சில எடுத்துக்காட்டுகள்:

நாளுக்கு ஓர் இலை உதிர்ப்பேன்; ஆண்டு முடிந்தால் மொட்டையாவேன். (நாட்காட்டி)
வெளியே போகையில் இருவரும் வருவோம். வீடு திரும்பினால் வாசலில் நிற்போம். (செருப்பு)
அளக்க அளக்கக் குறைவேன். மாதம் பிறந்தால் நிறைவேன். (அரிசிப் பானை)
நூலை வயிற்றில் சுமந்து இடமும் வலமும் ஓடுவேன். ஒரு நாளும் தெருவைக் கடந்ததில்லை. (தறி நாடா)

தமிழ் நெடுங்கணக்கு குறியீட்டு எழுத்துக்கு மிகவும் ஏற்றது. 18 மெய்களையும் வரிசையாகவும், 12 உயிர்களையும் நிரலாகவும் கொண்ட அட்டவணையில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் இரண்டு எண்கள் கிடைக்கும். க் முதல் மெய்யும் உ ஐந்தாம் உயிரும் ஆதலால் கு என்பது 1-5 ஆகும். தனி மெய்யாயின் இரண்டாம் எண் சுழியம், தனி உயிராயின் முதல் எண் சுழியம். இம்முறையில் குடம் என்பது 1-5, 5-1, 10-0 எனவும், தறி என்பது 7-1, 17-3 எனவும் எழுதப்படும். எழுத்து வரிசையை மனப்பாடமாகச் சொல்ல மறுக்கும் சிறுவரும் குறியீட்டை உடைப்பதற்காக அதைத் தாமாகவே எழுதிப் பார்ப்பர்.

காஞ்சிபுரம் பகுதிக்கு ஏற்ற கருப்பொருள்கள்

கருப்பொருள் ஒன்றைக் கொண்டு நடத்தும்போது பொருட்கள் அனைத்தும் ஒரே கதையில் இணைகின்றன. காஞ்சிபுரத்திற்கு மேற்கே சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள தாமல், பழைய தொண்டை மண்டலத்தின் கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த ஊராகும். பெரிய ஏரியும் பழங்கோயில்களும் கொண்ட இவ்வூரிலும் அண்டை ஊர்களிலும் கீழ்க்காணும் கருப்பொருள்களுக்கான பொருட்கள் எளிதில் கிடைக்கும்.

நெசவு: பாவு, ஊடை, நாடா, தார், ஜரிகை, ஜக்கார்டு அட்டை ஆகியவற்றின் பெயர்களைப் பட்டியலாகத் தந்து, பொருளைச் சுட்டிக்காட்டச் சொல்லலாம். பட்டுச் சேலை ஒன்றை விரித்து வைத்து, அன்னம், மயில், யாளி, மாங்காய், ருத்ராட்சம் ஆகிய உருக்களைத் தேடச் செய்வது மற்றொரு முறை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இணைக்கப்படும் கோர்வை முறைச் சேலையில், இணையும் கோட்டைக் கண்டறிவது பெரியவர்களுக்கும் சவாலானது. காஞ்சிபுரம் பட்டு 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது.

கொலு: நவராத்திரியில் படிகளில் அடுக்கப்பட்ட பொம்மைகளே பட்டியலாகும். மரப்பாச்சி எத்தனை, கையில் வீணை உள்ளவர் யார், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த பொம்மை எது என்பன போன்ற வினாக்கள் தரப்படும். காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெரு கொலு பொம்மைகளுக்குப் பெயர்பெற்றது.

சமையலறை: காஞ்சிபுரம் இட்லியில் சேரும் மிளகு, சீரகம், சுக்கு ஆகியவற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு மணத்தால் அறிதல்.

கோயில்: அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளிக்கொணரப்படுகிறார். 1979, 2019 ஆகிய எண்களைத் தந்து அடுத்ததைக் கேட்டால், 2059 என்னும் விடை நான்கிலக்கப் பூட்டைத் திறக்கும் எண்ணாக அமையும். நேரில் செல்வோர் வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் கற்சங்கிலியையும், கைலாசநாதர் கோயில் திருச்சுற்றிலுள்ள 58 சிறு சன்னதிகளையும் கண்டு குறிக்கலாம். இத்தகைய இடங்களில் எதையும் ஒளித்து வைத்தலும், தாள் ஒட்டுதலும் கூடாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களைச் சேதப்படுத்துவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.

முதியோர் பங்கு

விரைந்து ஓடுவோர் மட்டுமே வெல்லும் வகையில் அமைந்தால் முதியவரும் சிறு குழந்தைகளும் பார்வையாளராகிவிடுவர். இதற்கு மாற்றாக, முதியோர் ஒருவரையே ஓர் இடமாக அமைக்கலாம். குழு அவரிடம் சென்று பழைய ஒளிப்படம் ஒன்றில் உள்ளவரின் பெயரையோ, தறியின் ஓர் உறுப்பின் பயனையோ கேட்டறிந்த பின்பே அடுத்த குறிப்பைப் பெறும். தறியில் அமராத தலைமுறைக்கு, தார், விழுது போன்ற சொற்கள் வேறு வழியில் வந்து சேர்வது அரிது. அச்சொற்களைச் சொல்லித்தர வல்லவர் வீட்டில் இருக்கும்போதே கேட்கச் செய்வது இவ்விளையாட்டின் பெரும்பயன் ஆகும்.

பாதுகாப்பு

அமெரிக்காவின் ராக்கி மலைப்பகுதியில் ஃபாரஸ்ட் ஃபென் என்பவர் மறைத்து வைத்து 2010-இல் அறிவித்த புதையல் 2020-இல் கண்டெடுக்கப்பட்டது. அதற்குள் அதைத் தேடிச் சென்றோரில் குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். எல்லை வகுக்கப்படாத தேடல் எத்தகைய இடருக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு இது சான்று. வீட்டு விளையாட்டிலும் கீழ்க்கண்டவை கருத்தில் கொள்ளத்தக்கவை.

கிணறு, கீழ்நிலை நீர்த்தொட்டி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், மின்பெட்டி, சமையல் எரிவாயு உருளை ஆகியவற்றின் அருகே எதையும் மறைக்கக் கூடாது.
ஏரி, குளக்கரைகள் எல்லைக்கு வெளியே எனத் தெளிவாகக் கூற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது மிகவும் இன்றியமையாதது.
விறகுக் குவியல், கல் இடுக்கு, வைக்கோற்போர் ஆகியவற்றில் பாம்பு, தேள் இருக்கக்கூடும். கையை விட்டுத் துழாவும் இடங்களைத் தவிர்க்க வேண்டும்.
மூன்று வயதுக்கு உட்பட்டோர் இருக்கும் வீட்டில் நாணயம், மணி போன்ற சிறு பொருட்களை மறைக்கக் கூடாது. பொத்தான் வடிவ மின்கலம் விழுங்கப்பட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உணவுக்குழாயில் புண் உண்டாக்கும். ஆதலால் அதனை அறவே விலக்க வேண்டும்.
குழித்தறி உள்ள வீட்டில் குழி, தறி இரண்டும் விலக்கப்பட வேண்டும். பாவின் இழை அறுந்தால் ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டியிருக்கும். அது அக்குடும்பத்தின் உழைப்பு நாளைப் பறிக்கும். நெசவுக் கருப்பொருளுக்குப் பழைய நாடாவும் கழிவு நூலுமே போதும்.

நேர்மை

1979-இல் கிட் வில்லியம்ஸ் வெளியிட்ட மாஸ்கரேட் என்னும் படநூலில் பொன்முயல் ஒன்று புதைக்கப்பட்ட இடம் புதிராக மறைக்கப்பட்டிருந்தது. 1982-இல் புனைபெயர் கொண்ட ஒருவர் அதைக் கண்டெடுத்தார். அவர் நூலாசிரியரின் முன்னாள் தோழிவழிச் செய்தி பெற்றே இடத்தை அணுகினார் என்பது 1988-இல் ஓர் இதழால் வெளிப்பட்டது. இடத்தை அறிந்தவரும் அவர்தம் நெருங்கியோரும் போட்டியிடக் கூடாது என்பது இதனால் பெறப்படும் பாடம். வீட்டில் குறிப்பு எழுதியவர் நடுவராக மட்டுமே இருக்க வேண்டும். பரிசு பகிர்ந்து உண்ணத்தக்கதாக இருப்பின், தோற்ற குழுவும் மனக்குறையின்றிக் கலையும். விளையாட்டு முடிந்ததும் தாள்களை எண்ணிச் சரிபார்த்துத் திரும்ப எடுப்பது நடத்துபவரின் கடைசிப் பணியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

கண்ணாமூச்சி
கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்
விடுகதை
காஞ்சிபுரம் பட்டு
தாமல்