இன்டர்வியூ ‘புட் ஆஃப்’ ஆனால் தேதி மாறும்... ‘கால் ஆஃப்’ ஆனால்? தினமும் தேவைப்படும் ஃப்ரேசல் வெர்ப்கள் - எளிய விளக்கம்

வில்லியனூரில் இருக்கும் ஓர் இளைஞர், சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்வியூவுக்கு முதல் நாள் அவர் போனுக்கு ஒரு மெசேஜ் வருகிறது: ‘யுவர் இன்டர்வியூ ஹாஸ் பீன் புட் ஆஃப்’.

‘ஆஃப்’ என்றால் அணைப்பதுதானே, அப்போ இன்டர்வியூ கேன்சல் என்று நினைத்து அவர் விட்டுவிட்டால், வேலை போச்சு! ஏனென்றால் ‘புட் ஆஃப்’ என்றால் ரத்து இல்லை, தள்ளிவைப்பு. புதிய தேதி வரும். ரத்து என்றால் ‘கால் ஆஃப்’ என்று வந்திருக்கும்.

ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். இப்படிப்பட்ட சொற்களுக்குத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர்.

ஃப்ரேசல் வெர்ப் என்றால் என்ன?

கிவ், புட், லுக், கோ போன்ற ஒரு சின்ன வினைச்சொல். அதன் பின்னால் அப், ஆஃப், அவுட், ஆன் போன்ற ஒரு குட்டிச் சொல். இரண்டும் சேர்ந்ததும் பெரும்பாலும் புது அர்த்தம் வந்துவிடும். ‘கிவ்’ என்றால் கொடு, ‘அப்’ என்றால் மேலே. ஆனால் ‘கிவ் அப்’ என்றால் மேலே கொடுப்பது அல்ல, கைவிடுவது!

இது ஏதோ ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் விநோதம் இல்லை. தமிழிலும் இருக்கிறது. ‘கண்டுபிடி’ என்கிறோம். அதில் யாரும் எதையும் கையால் பிடிப்பதில்லை. இதையே ஆங்கிலத்தில் ‘ஃபைண்ட் அவுட்’ என்பார்கள். சண்டையில் ஒருவர் ‘விட்டுக்கொடுத்தார்’ என்றால் அது ‘கிவ் இன்’. ‘பார்த்துக்கொள்’ என்றால் ‘லுக் ஆஃப்டர்’. ‘ஒத்திப்போடு’ என்றால் ‘புட் ஆஃப்’. இவற்றில் சிலவற்றைத் தமிழ் இலக்கணம் கூட்டுவினை என்று சொல்கிறது. ‘கண்டுபிடி’யைப் பிரித்துப் பிரித்து அர்த்தம் சொன்னால் எப்படிச் சிரிப்பு வருமோ, அப்படித்தான் ‘கிவ் அப்’பைப் பிரிப்பதும். இரண்டு சொல்லாகத் தெரிந்தாலும் ஒரே சொல்லாகப் படிப்பதுதான் முதல் பாடம்.

மாணவர்களுக்கு ஏன் முக்கியம்?

புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளின் உயர் வகுப்புகளில் நீண்ட காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான் இருந்தது. 2023-24 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளும் 11-ம் வகுப்பும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. 2025-ல் அரசுப் பள்ளி மாணவர்கள் முதல்முறையாக சி.பி.எஸ்.இ. 10, 12-ம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதினார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமத்துப் பிள்ளைகள் கையிலும் இப்போது என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான்.

10-ம் வகுப்பு ஆங்கிலப் புத்தகமான ‘ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’டில் ஆன் ஃப்ராங்க் டைரியிலிருந்து ஒரு பாடம் உண்டு. அதன் பயிற்சியிலேயே ஃப்ரேசல் வெர்ப்களைப் பொருத்தச் சொல்கிறார்கள். ‘மூவ் அப்’ என்றால் அடுத்த வகுப்புக்குப் போவது. ‘கெப்ட் பேக்’ என்றால் அதே வகுப்பில் நிறுத்தப்படுவது. ‘ஹேண்ட் இன்’ என்றால் வீட்டுப்பாடத்தை ஆசிரியரிடம் ஒப்படைப்பது. ‘கெட் அலாங் வித்’ என்றால் ஒருவரோடு ஒத்துப்போவது.

பள்ளியில் ஒன்று, பேச்சில் வேறொன்று... ஏன்?

பள்ளியில் ‘போஸ்ட்போன்’, ‘கேன்சல்’, ‘கன்டினியூ’ என்று படிக்கிறோம். ஆனால் ஆங்கிலம் பேசுபவர்கள் ‘புட் ஆஃப்’, ‘கால் ஆஃப்’, ‘கோ ஆன்’ என்கிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1066-ல் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் அரசு, நீதிமன்றம், படிப்பு ஆகியவற்றில் பிரெஞ்சு, லத்தீன் வழிச் சொற்கள் குவிந்தன. வீட்டுப் பேச்சில் மட்டும் புட், கோ, கம், லுக் போன்ற பழைய சின்னச் சொற்கள் அப்படியே நின்றன. ‘கொம்யூன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை இன்றும் புழங்கும் புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியாத கதை இல்லை. எனவே விண்ணப்பக் கடிதத்தில் ‘போஸ்ட்போன்’ பொருத்தமாக இருக்கும். பேச்சிலும் மெசேஜிலும் ‘புட் ஆஃப்’ வரும். இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை இடத்தில்

* ஃபில் இன் - படிவத்தை நிரப்புவது
* டர்ன் அப் - வந்து சேர்வது, ஆஜராவது
* டர்ன் டவுன் - மறுப்பது, நிராகரிப்பது (சத்தத்தைக் குறைப்பதற்கும் இதேதான்)
* டேக் ஆன் - வேலைக்கு எடுப்பது
* லே ஆஃப் - வேலை இல்லை என்று ஆளைக் குறைப்பது
* கேரி அவுட் - சொன்னதைச் செய்து முடிப்பது
* பிரிங் ஃபார்வர்டு - குறித்த தேதிக்கு முன்பே வைப்பது. ‘புட் ஆஃப்’புக்கு நேர் எதிர்

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது: ‘கோ ஆஃப்’. ‘லைட் வென்ட் ஆஃப்’ என்றால் விளக்கு அணைந்தது. ஆனால் ‘அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் நின்றது அல்ல, அலாரம் அடித்தது! தொழிற்சாலையில் ‘இஃப் தி அலாரம் கோஸ் ஆஃப், லீவ் தி பில்டிங்’ என்று பலகை இருந்தால், அலாரம் அடித்த உடனே வெளியேற வேண்டும். அது நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மருத்துவமனையில்

* கட் டவுன் ஆன் - குறைத்துக்கொள்வது
* கிவ் அப் - அடியோடு விடுவது
* த்ரோ அப் - வாந்தி எடுப்பது
* கம் டவுன் வித் - காய்ச்சல் போன்ற நோய் வருவது
* பாஸ் அவுட் - மயங்கி விழுவது
* பாஸ் அவே - இறப்பது

டாக்டர் சீட்டில் ‘கட் டவுன் ஆன் சால்ட்’ என்று எழுதினால் உப்பைக் குறைக்க வேண்டும். ‘கிவ் அப் ஸ்மோக்கிங்’ என்று எழுதினால் சிகரெட்டைக் குறைத்தால் போதாது, முழுசா நிறுத்த வேண்டும்.

‘பாஸ் அவுட்’ விஷயத்திலும் கவனம் தேவை. நம் ஊரில் ‘2023-ல் பாஸ் அவுட் ஆனேன்’ என்றால் படிப்பை முடித்தேன் என்று அர்த்தம். வெளிநாட்டுக்காரரிடம் இப்படிச் சொன்னால், மயங்கி விழுந்ததாக நினைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

வீட்டிலும் பயணத்திலும்

* ரன் அவுட் ஆஃப் - தீர்ந்துபோவது (‘கேஸ் தீர்ந்துடுச்சு’ என்பதற்கு இதுதான்)
* பிரேக் டவுன் - வண்டி பழுதாகி நிற்பது
* செட் ஆஃப் - கிளம்புவது
* கெட் ஆன், கெட் ஆஃப் - பஸ், ரயிலில் ஏறுவது, இறங்குவது
* கெட் இன், கெட் அவுட் - கார், ஆட்டோவில் ஏறுவது, இறங்குவது

பாகூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவது ‘கெட் ஆஃப்’. ஆட்டோவிலிருந்து இறங்குவது ‘கெட் அவுட்’. தமிழ்ப் பேச்சில் ‘கெட் அவுட்’ என்றாலே திட்டு என்று ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் அது எப்போதும் திட்டு இல்லை.

வால் மாறினால் வேலையும் மாறும்

‘லுக்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ‘லுக் ஃபார்’ என்றால் தேடுவது. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள்வது. ‘லுக் இன்டு’ என்றால் விசாரிப்பது. ‘லுக் அப்’ என்றால் அகராதியில் பார்ப்பது. எனவே ‘லுக் என்றால் பார்’ என்று மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது.

எங்கே தப்பு வரும்?

* இட், தெம் போன்ற சுட்டுப்பெயர்கள் பெரும்பாலும் நடுவில் வரும். ‘டர்ன் இட் ஆஃப்’ சரி, ‘டர்ன் ஆஃப் இட்’ தப்பு.
* எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்க முடியாது. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்பதே சரி. நடுவில் ‘ஹெர்’ வராது.
* தேவையில்லாமல் வால் ஒட்டக் கூடாது. ‘ரிட்டர்ன்’ என்றாலே திரும்புவதுதான், ‘ரிட்டர்ன் பேக்’ வேண்டாம். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதும் அப்படித்தான், ‘டிஸ்கஸ்’ போதும்.

எப்படிப் படிக்கலாம்?

நூறு சொல்லைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று போதும். ஒவ்வொன்றையும் தன் வீட்டில், தன் ஊரில் நடக்கும் ஒரு வாக்கியமாக எழுதிப் பார்க்கலாம். பஸ் பழுதானால் ‘பிரேக் டவுன்’, மளிகை தீர்ந்தால் ‘ரன் அவுட் ஆஃப்’ என்று அந்த நேரத்திலேயே சொல்லிப் பார்த்தால் மனசில் நிற்கும்.

செக்கப், பிக்கப், லாகின், பிரேக்கப் என்று பேச்சில் ஏற்கெனவே புழங்கும் சொற்களும் ஃப்ரேசல் வெர்ப்பிலிருந்து வந்தவைதான். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட ‘ஆஸ்பத்திரிக்கு செக்கப் போகணும்’ என்கிறார். அதாவது யாரும் இதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை.

அகராதியில் தேடும்போது ‘புட் ஆஃப்’ வேண்டுமென்றால் ‘புட்’ என்ற சொல்லுக்குக் கீழே பார்க்க வேண்டும். ஆன்லைனில் என்றால் இரண்டு சொல்லையும் சேர்த்தே தேட வேண்டும்.

அப்படியும் ஒரு மெசேஜ் புரியவில்லை என்றால், ஊகித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். அந்த நம்பருக்கே கூப்பிட்டு ‘புதிய தேதி எப்போ சார்?’ என்று தமிழிலேயே கேட்டுவிடலாம். ‘கால் ஆஃப்’ என்றால் அப்போதே தெரிந்துவிடும். ‘புட் ஆஃப்’ என்றால் தேதி கிடைத்துவிடும்.