நிபா நோய் வரலாறு கற்பிக்கும் பாடம்

கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிக் கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுலமுனிவரின் கதையை யாழ்ப்பாணத்தார் யாவரும் அறிவர். மனிதனுக்கும் விலங்குக்கும் இடையிலுள்ள எல்லையைக் கடத்தல் ஐதிகத்தில் அற்புதம். வைரசுக் கிருமிகளுக்கோ அஃது இயல்பாய் நிகழ்வது. நம்மவர் பலர் முன்னாளிற் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் கடமையாற்றிய மலாயா நாட்டிலே நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்றாகும்.

1998ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாக, ஈப்போ நகரை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலைசெய்தோர் கடுங்காய்ச்சலும் மயக்கமும் உற்று மாண்டனர். அதிகாரிகள் அதனை யப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கொண்டனர். அந்நோயைப் பரப்புவது நுளம்பு. ஆதலின் நுளம்புக்குப் புகையடித்தனர், தடுப்பூசியும் ஏற்றினர். நோயோ தணிந்திலது. பண்ணையாளர் விற்ற பன்றிகளோடு அது தெற்கே நெகிரி செம்பிலானுக்கும் சென்றது.

உண்மையைக் காட்டும் குறிகள் கண்முன்னே கிடந்தன. யப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைப் பற்றுவது. இங்கு மாண்டோர் வளர்ந்தோர். நுளம்பு எவரையும் கடிக்கும். இங்கோ பன்றிகளோடு பழகியவரே நோயுற்றனர், அயலில் வாழ்ந்த ஏனையோர் தப்பினர். பன்றிகளும் பெரிதும் இருமின. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர், சுங்கை நிபா என்னுங் கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து புதியதொரு வைரசைப் பிரித்தறிந்தனர். ஏறத்தாழ 10 இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்ட பின்னரே நோய் அடங்கியது. மலேசியாவில் நோயுற்ற 265 பேருள் 105 பேர் இறந்தனர்.

அவ்வைரசின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால். பண்ணையருகே நின்ற பழமரங்களில் வௌவால் கடித்து உகுத்த கனிகளைப் பன்றிகள் தின்றமையால் தொற்று நேர்ந்தது என்பர். வங்காளதேசத்தில் 2001 முதலாக இந்நோய் கண்டறியப்பட்டது. இரவில் வௌவால் நக்கிய ஈச்சஞ்சாற்றைக் காய்ச்சாது பருகுதலே அங்கு முதன்மையான காரணம். மனிதரிடமிருந்து மனிதருக்கும் அது தொற்றியது. 2018இல் கேரளத்துக் கோழிக்கோட்டுப் பகுதியில், நோயாளரைப் பராமரித்த தாதி ஒருவரும் அதற்கு இரையானார்.

இதனால் வௌவாலைப் பகையெனக் கருதுதல் பேதைமை. மகரந்தம் பரப்பி, விதை தூவிக் காடு வளர்ப்பது அது. காட்டை அழித்துப் பண்ணையைக் காட்டினருகே கொண்டுசென்றவன் மனிதனே.

வரலாறு பயில்வோர் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. எவர் நோயுற்றார் என்பதோடு, எவர் நோயுறவில்லை என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவின் விடையை ஏற்பதற்குப் பல மாதங்கள் கழிந்தன. அதற்கிடையில் பல உயிர்களும் மாய்ந்தன. பனையில் முட்டி கட்டிக் கருப்பநீர் இறக்கும் நமக்கு இவ்வரலாறு அயலதன்று.